யானைக் காசின் கறுப்பு

தெரிந்தேதான் தேய்த்தேன்.

இந்த இரண்டு சொற்களைச் சொல்ல எனக்கு எட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதுவும் யாரிடம்? சொல்ல வேண்டியவளிடம் அல்ல... என் முகத்தைக்கூடப் பார்த்திராத உங்களிடம்! கோழைக்கு இதைவிட வசதியான இடம் ஏது?

அங்கம்மாவின் யானைக் காசை வெள்ளைப் பொடியும் கம்பளித் துணியும் கொண்டு தேய்த்துப் பளபளக்க வைத்தவன் நான். தேய்த்தால் அந்தக் காசு கெட்டுவிடும் என்று எங்கள் தோட்டத்தில் அறிந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் துரை. மற்றவன் நான்.

அந்தக் காசு கெட்டதால் ஒரு மகள் தன் தாயைக் கடைசிவரை பார்க்க முடியாமல் போயிற்று. அந்த மகள்தான் இப்போது அடுப்படியில் எனக்குத் தேநீர் கலந்துகொண்டிருக்கிறாள். அவள் என் மனைவி.

என் பெயர் ராமையா. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் பெயர் உங்களுக்கு வேண்டாம். அங்கே துரை பங்களாவில் மேசை வைப்பதும் வெள்ளிச் சாமான்கள் துலக்குவதும் என் வேலையாக இருந்தன. சனிக்கிழமைதோறும் பிற்பகலில் பின் விறாந்தையில் செய்தித்தாளை விரித்து, கரண்டி, முள், பால் குவளை, பூவேலை செய்த தட்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்ப்பேன். கொழுந்து பறிக்கப் போகாமல், மழையில் நனையாமல் பிழைக்கிறவன் என்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. கொஞ்சம் கேலியும் உண்டு.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற என் படிப்பு, ஹட்டன் கடைகளில் சாமான் சுற்றிக் கொடுக்கும் காகிதங்களில்தான் தொடர்ந்தது. பருப்பைக் கொட்டிவிட்டுக் காகிதத்தை வாசிப்பேன். நான் இப்படிப் புத்தகத் தமிழில் எழுதுவது அதனால்தான். சிரிக்காதீர்கள்!

துரைக்கு மனைவி இல்லை, நாய் இல்லை, சீட்டாட்டப் பழக்கம்கூட இல்லை. காசுப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. தட்டுத் தட்டாக அடுக்கிய மரப் பெட்டி. ஒவ்வொரு தட்டிலும் பச்சைத் துணி ஒட்டி, வட்ட வட்டமாகக் குழிகள். குழிக்கு ஒரு பழங்காசு. இரண்டாம் தட்டில் ஒரு குழி மட்டும் காலியாகக் கிடந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே துரை என்னை அந்தப் பெட்டியின் முன் நிறுத்தினார். மேசையில் பேனா வைக்கும் தட்டில் பளபளவென்று ஒரு வெள்ளிக் காசு கிடந்தது. ஒரு பக்கம் யானை. மறுபக்கம் சுருட்டை முடி ராஜா.

"இது அந்தக் குழியில இருந்தது" என்றார் துரை, தம் தோட்டத் தமிழில். "நூறு வருசத்துக்கு மேல இந்தக் காசு கறுப்பு சேத்தது. ஒனக்கு முந்தி இருந்த மடையன் அஞ்சு நிமிசத்துல எல்லாம் எடுத்துட்டான். இப்ப இது காசு இல்ல, சும்மா வெள்ளி. நீ கரண்டி எல்லாம் தேய்க்கிறது. இந்தப் பெட்டி தொடுறது இல்ல. வெளங்குதா?"

விளங்கியது. அந்த முன்னவன் அதே நாளில் பங்களாவை விட்டு விரட்டப்பட்டான் என்பதையும், காரணம் தெரியாத சமையற்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பாவம், அவன் என்ன கண்டான்? வெள்ளி கறுத்தால் துலக்க வேண்டும் என்றுதானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்! எங்கள் சனத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

பிறகு வந்த நாட்களில் துரை எனக்கு அந்தக் காசுகளைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டுவார். பேசுவதற்கு வேறு ஆள் இல்லாத மனிதர். "யானைக் காசு கெடைக்கும். தேஞ்சது கெடைக்கும். உருக்கிக் கொலுசு செஞ்சது போக மிச்சம், ஓட்ட போட்டுக் கழுத்துல கட்டினது கெடைக்கும். ஆனா யாரும் தொடாதது, கறுப்பு அப்பிடியே இருக்கிறது... அது கெடைக்கிறது இல்ல ராமையா." சொல்லிவிட்டு அந்தக் காலிக் குழியை விரலால் தடவுவார். ஒரு மனிதன் ஒரு குழியைப் பார்த்து அப்படி ஏங்குவான் என்பதை அப்போதுதான் கண்டேன்.

எனக்கும் ஒரு குழி இருந்தது... அதை நான் யாரிடமும் காட்டியதில்லை.

அங்கம்மா எனக்கு முறைப்பெண். என் தாய்க்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகள். லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு நான்கு காம்பரா தள்ளி, பெரியப்பன் குடும்பத்தோடு இருந்தாள். காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குக் கூடையை மாட்டிக்கொண்டு அவள் நடந்து போவதைப் பார்ப்பதற்காகவே, பங்களாவில் பால் வாங்கப் போகும் நேரத்தை நான் மாற்றி வைத்திருந்தேன். என்னைப் பார்த்தால் சிரிப்பாள். நின்று பேசுவாள். ஆனால் பேச்செல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருத்தியைப் பற்றித்தான்.

அவள் தாய் வள்ளியம்மை. அங்கம்மாவுக்குப் பத்து வயதிருக்கும்போது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, துறையூர்ப் பக்கத்துச் சொந்த ஊருக்கு ஒரு கலியாணத்துக்குப் போனவள். இரண்டு மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் போனாள். போன இடத்தில் குழந்தைக்கு அம்மை போட்டது. புறப்படுவது தள்ளிப் போயிற்று. அதற்குள் சட்டம் மாறிவிட்டது! அனுமதிக் கடிதம் வேண்டும், பாஸ்போர்ட் வேண்டும், இந்த நாட்டுப் பிரசை என்று தாள் வேண்டும்... எங்கள் சனத்துக்கு எங்கிருந்து வரும் அந்தத் தாள்? அவளுடைய புருசன், என் மாமா, விண்ணப்பம் எழுதி எழுதியே ஓய்ந்து, ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தார்.

தாயின் கடிதங்களை அங்கம்மா என்னிடம்தான் கொண்டுவருவாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஊரில் யாரோ எழுதிக் கொடுத்த கடிதங்கள். 'உன்னை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்' என்று ஒவ்வொன்றும் முடியும். நான் வாசிப்பேன், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வை எனக்கானது அல்ல என்று தெரிந்தும், இன்னொரு முறை வாசிக்கட்டுமா என்று கேட்பேன்.

"மச்சான், எங்க ஆத்தா மொகம் எனக்கு மறந்து போச்சு" என்றாள் ஒருநாள். "கை மட்டும் ஞாபகம் இருக்கு. தல சீவி விடும்போது காதுக்குப் பின்னால படும்."

நான் அவளுடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தேழாம் ஆண்டு. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க அவள் நின்றிருந்தாள். நானும் தேவையில்லாமல் ஒரு வாளியோடு போய் நின்றேன். பேச்சை வளர்க்க வேண்டுமே! பங்களாப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். துரையின் பெட்டி, பச்சைத் துணி, பூதக்கண்ணாடி, ஒரே ஒரு காலிக் குழி, யானைக் காசுக்காக அவர் படும் பாடு...

அங்கம்மா வாளியைக் கீழே வைத்தாள். "யானைக் காசா? ஒரு பக்கம் யானை, ஒரு பக்கம் சுருட்ட முடிக்காரனா?"

"ஆமா. ஒனக்கு எப்புடித் தெரியும்?"

லயத்துக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது.

அவள் தாய்வழியில், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் கண்டி மலைக்கு நடந்தே வந்த ஒரு முப்பாட்டன் குலதெய்வத்துக்கு நேர்ந்து முடிந்து வைத்த காசு அது. குடும்பத்தோடு ஊர் திரும்பினால் கோயிலில் செலுத்துவதாக நேர்த்தி. யாரும் திரும்பவில்லை. நேர்ந்த காசு என்பதால் யாரும் செலவழிக்கவும் இல்லை, ஓட்டை போடவும் இல்லை, கழுவக்கூட இல்லை. தலைமுறை தலைமுறையாகத் துணி மட்டும் மாறியிருக்கிறது. வள்ளியம்மை கலியாணத்துக்குப் புறப்பட்டபோது, "ஆத்தா திரும்பி வந்துருவேன்கறதுக்கு இதான் அடையாளம், பத்திரமா வச்சிரு" என்று அதை மகள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அங்கம்மா முடிச்சை அவிழ்த்தாள்.

ஐயோ... அந்தக் கறுப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! மழைத் தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தினால் ஒரு நிறம் தெரியுமே, அது விளிம்பைச் சுற்றி நீலமும் சிவப்புமாக ஓடியது. நடுவில் ஆழ்ந்த கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் யானையின் தோல் சுருக்கம் ஒவ்வொன்றும், ராஜாவின் முடிச்சுருள் ஒவ்வொன்றும் தேயாமல் இருந்தன. துரை ஆயுள் முழுதும் தேடிய காசு, எங்கள் லயத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

"சாமி காசாச்சே, குடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"நேந்தது எதுக்கு மச்சான்? ஊருக்குப் போய்ச் சேரத்தானே. இது என்னய எங்க ஆத்தாகிட்ட கொண்டுபோய் விட்டா, சாமி கோவிச்சுக்கவா போகுது? கோயில்ல வேற காசு போட்டுக்குறேன்."

துரையிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். தாயைப் பிரிந்த கதையையும் கேட்டுக்கொண்டார். "யாரும் தேய்க்காத காசா இருந்தா, அந்தப் பொண்ணு இந்தியா போற செலவு எல்லாம் நான் குடுக்கிறது. கொழும்புல பாஸ்போட் வேலையும் நான் பாக்கிறது. நாயித்துக்கெழம கூட்டிட்டு வா" என்றார்.

இதை அங்கம்மாவிடம் அப்படியே சொன்னேன். 'யாரும் தேய்க்காத' என்ற இரண்டு சொற்களை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அப்போதே என் மனதில் திட்டம் இருந்ததா? இருக்கவில்லை என்றுதான் நீண்ட காலம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நான் அவளைப் பார்த்த காலம் முழுவதிலும் அப்படி ஒரு மலர்ச்சியை நான் கண்டதில்லை. அது என்னால் வந்த மலர்ச்சி. ஆனால் எனக்கானது இல்லை! "போயிட்டு வந்துர்றேன் மச்சான்" என்றாள். அவள் தாயும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனாள். போனால் திரும்பி வர முடியாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராகப் பங்களா அடுப்படி வாசலுக்கு வந்தாள். நெற்றியில் கூடைக் கயிறு பதிந்த தடம் இன்னும் ஆறவில்லை. மஞ்சள் முடிச்சை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒங்ககிட்டயே இருக்கட்டும். லயத்துல ஆயிரம் கண்ணு. நாயித்துக்கெழம நானே வந்து தொரை கையில குடுக்குறேன்."

அவள் விரல்கள் என் கையில் பட்டது அதுதான் முதல் முறை.

மறுநாள் சனிக்கிழமை. நல்ல பகல். ஆனால் பனி மூட்டம் விறாந்தை வரை ஏறி வந்திருந்தது. செய்தித்தாளை விரித்தேன். பொடியைக் குழைத்தேன். கரண்டிகள் முடிந்தன. முட்கள் முடிந்தன. பால் குவளை முடிந்தது. பூவேலைத் தட்டும் முடிந்தது. அடுத்து என்ன என்று கை தேடியது. இடுப்பில் மஞ்சள் முடிச்சு இருந்தது.

கேட்டிருக்கலாமே! 'போகாதே அங்கம்மா... என்னோடு இரு' என்று வாய் திறந்து கேட்டிருக்கலாமே! முறைப்பெண்தானே? கேட்பதில் என்ன வெட்கம்? அவள் 'இல்லை' என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். தாய்க்கும் எனக்கும் நடுவே அவளை நிறுத்தினால் அவள் எந்தப் பக்கம் போவாள் என்பது எனக்குத் தெரியாதா என்ன? வாயால் கேட்கத் துணிவில்லாததைக் கையால் செய்தேன்.

யானைப் பக்கத்தை முதலில் தேய்த்தேன். கறுப்பு அவ்வளவு எளிதில் போகும் என்று நான் நினைக்கவில்லை. துணியில் மை போலப் படிந்தது. தும்பிக்கை வெளுத்தது. முதுகு வெளுத்தது. நீலமும் சிவப்பும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

ஒரு பக்கம் தேய்த்து முடித்ததும் நிறுத்தினேன்.

நன்றாகக் கேளுங்கள். அந்த ஒரு பக்கத்தைக் கை தவறிச் செய்தது என்று சொல்லலாம். பழக்க தோசம் என்று சொல்லலாம். ஆசை கண்ணை மறைத்தது என்றுகூட நீங்கள் எனக்காகச் சொல்லக்கூடும். நான் நிறுத்தினேன்; மூச்சு வாங்கினேன்; துணியை மடித்து அழுக்கில்லாத பக்கத்தை எடுத்தேன். பிறகு காசைத் திருப்பிப் போட்டேன்.

அதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை அங்கம்மா வந்தாள். எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை, நீலச் சேலை, காதோரம் ஒரு ரோசாப்பூ. கலியாணத்துக்குப் போகிறவள் போல இருந்தாள். காசை நீட்டினேன்.

"ஆத்தாடி! இது எங்க காசா மச்சான்?"

"தொரைக்குக் குடுக்கறதாச்சே... தொலக்கி வச்சேன்."

"சாமி குளிச்சு வந்த மாதிரி இருக்கே! நல்லவேள, நீங்க இல்லாட்டி அழுக்குக் காச நீட்டியிருப்பேன்." சொல்லிக்கொண்டே அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

துரை முன் விறாந்தையில் பூதக்கண்ணாடியோடு காத்திருந்தார். பெட்டியைத் திறந்து இரண்டாம் தட்டை எடுத்து மேசையில் வைத்திருந்தார். அங்கம்மா இரு கையாலும் காசை நீட்டினாள். அவர் வாங்கினார். கண்ணாடியைத் தூக்கியவர், கண்ணுக்குக் கொண்டுபோகாமலே கீழே வைத்துவிட்டார்.

"யார் தேச்சது?"

"நம்ம மச்சான்தான் தொரை!" அங்கம்மாவின் குரலில் அவ்வளவு பெருமை. "ஒங்களுக்குக் குடுக்கறதுன்னு நேத்து உக்காந்து தேச்சிருக்காங்க."

துரை என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

காசை மஞ்சள் துணியின் மேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார். "இது எனக்கு வாணாம்."

"யானைதானே தொரை? நல்லாப் பாருங்க தொரை... சுருட்ட முடிக்காரன் இருக்கான் பாருங்க தொரை..."

"வாணாம். போ."

அவள் என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கும் பார்வை. துரையிடம் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே! நான் கால்மிதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் படியிறங்கிப் போன பிறகு துரை மெதுவாகச் சொன்னார்: "முந்தி இருந்தவனுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்." பிறகு தட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். என்னை விரட்டவில்லை. விரட்டியிருந்தால் ஊரே காரணம் கேட்டிருக்கும், அன்றே எல்லாம் வெளிப்பட்டிருக்கும். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வெள்ளிச் சாமான்கள் சமையற்காரர் பொறுப்புக்குப் போயின. அவ்வளவுதான் தண்டனை.

மாலையில் அங்கம்மாவைத் தேடிப் போனேன். எதற்குப் போனேன்? சொல்லிவிடத்தான் போனேன் என்று நினைக்கிறேன். அவள் என்னைக் கண்டதும் தானே பேசினாள். "தொரை தேடுற காசு வேற போல இருக்கு. எனக்குக் குடுத்து வைக்கல. ஒங்க ஒழப்புதான் வீணாப் போச்சு மச்சான்."

என் உழைப்பு!

அதன் பிறகு எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

'எப்படியும் அடுத்த வருசம் வருகிறேன்' என்று தாய்க்கு எழுதச் சொன்னாள். எழுதினேன். அடுத்த வருடம் வந்தது ஒரு கடிதம்தான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கூடையை இறக்காமலே என்னிடம் நீட்டினாள். பிரித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆத்தா காய்ச்சலில் தவறிப்போனதை எழுதியிருந்தார்கள். வாசித்தேன். அடக்கம் செய்ததை வாசித்தேன். தம்பியை மாமன் வீட்டில் வைத்திருப்பதை வாசித்தேன்.

நடுவில் ஒரு வரி இருந்தது. 'கடைசி மூன்று நாளும் வாசலைப் பார்க்கத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார்கள். அங்கம்மா வந்துவிட்டாளா என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.'

அந்த வரியை நான் விழுங்கிவிட்டேன்.

"அவ்வளவுதான் எழுதியிருக்கா மச்சான்?"

"அவ்வளவுதான்."

அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவளுக்கு இன்றும் வாசிக்கத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து எங்களுக்குக் கலியாணம் ஆயிற்று. பெரியப்பன் கேட்டபோது அவள் மறுக்கவில்லை. நான் விரும்பியது என் வீட்டுக்குள் வந்துவிட்டது! நல்ல மனைவி. ஒரு நாளும் முகம் கோணியதில்லை. நான் பசித்திருக்கப் பொறுக்க மாட்டாள். ஆனால் மாலையில் வேலை முடிந்து வந்ததும் வாசலில் வடக்கே பார்த்துச் சிறிது நேரம் நிற்பாள். வடக்கே ஒன்றுமில்லை. மலைதான் இருக்கிறது. பக்கத்தில் போய் நின்றால், "வாங்க" என்று நகர்ந்து இடம் கொடுப்பாள். கலியாணம் ஆன நாளிலிருந்து எனக்குக் கிடைப்பது அந்த நகர்ந்து கொடுத்த இடம்தான்.

ஒருமுறை சேலை வாங்க ஹட்டனுக்குக் கூட்டிப் போனேன். சேலையை விட்டுவிட்டு ரயில் பார்க்க வேண்டும் என்றாள். மேடையில் நின்று, வந்த வண்டியையும் போன வண்டியையும் பார்த்தாள். "இதுல ஏறுனா தலைமன்னார் போயிரலாமா?" என்று கேட்டாள். மாறி ஏறினால் போகலாம் என்றேன். "அப்பறம் கப்பல்" என்றாள். "ஆமா, அப்பறம் கப்பல்." வண்டி குகைக்குள் நுழைந்து மறைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தொட்டுக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

மகள் பிறந்தாள். தாயின் பெயரையே வைத்தாள் அங்கம்மா. வள்ளியம்மை! ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தப் பெயரை நான் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சோறு தின்ன வா வள்ளியம்மை... வாசலில் நிற்காதே வள்ளியம்மை...

துரை சீமைக்குத் திரும்பும்போது பெட்டிகள் கட்ட உதவினேன். கடைசியில் கேட்டேவிட்டேன். "தொரை, தேச்ச காசுல அந்தப் பழைய கறுப்பு திரும்ப வருமா?"

"வரும் ராமையா. ஒன் காலத்துல இல்ல."

அந்த மனிதரோடு என் குற்றத்துக்கான ஒரே சாட்சியும் கப்பலேறிப் போயிற்று. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லாவற்றையும் அறிந்த ஒருவர் அந்த மலையில் இருந்தவரை, நான் தனியாக இல்லை போல இருந்தது.

அவள் தாய்க்குப் படம் இல்லை. சாமி மாடத்தில் படம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் காசைத்தான் வைத்திருக்கிறாள். இறந்த நாளும் சரியாகத் தெரியாததால் தை அமாவாசையில் படைப்பாள். அமாவாசைக்கு முதல் நாள் காசை என்னிடம் கொடுத்துத் துலக்கச் சொல்வாள். என் கைதான் வேண்டுமாம்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து என் ஏக்கம் தொடங்கும். ஆம், எனக்கு இப்போது இருக்கும் ஏக்கம் அது ஒன்றுதான்... கறுப்பு! தினமும் காலையில் அவள் பார்க்காதபோது மாடத்தருகே போய்ப் பார்ப்பேன். முதலில் வைக்கோல் நிறம் வரும். மழைக்காலத்தில் தேன் நிறமாகும். ஐப்பசி, கார்த்திகையில் விளிம்போரம் ஒரு நூல் அளவு நீலம் ஓடும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வேண்டிக்கொள்வேன். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று... எது ஆகிவிடும்? செத்தவள் வருவாளா? பைத்தியக்காரத்தனம்தான். தெரிந்தும் பார்க்கிறேன்.

அதற்குள் தை வந்துவிடும்.

இந்த வருடத் தை அமாவாசை போன வாரம்தான் போயிற்று. மார்கழியில் அடித்த புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று செய்தி வந்திருந்தது. கப்பல் போய்ச் சேரும் துறையே இல்லையாம்! எங்கள் சனத்தில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்துவிட்டதாக லயமெல்லாம் பேச்சு. இனி அவர்களே அனுப்பி வைப்பார்களாம். அங்கம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "தம்பிக்கு என் மொகமே தெரியாது. அங்க போயி யாரப் பாக்க?" என்று மட்டும் சொன்னாள்.

அமாவாசைக்கு முதல் நாள் வழக்கம் போலக் காசை நீட்டினாள். இந்த முறை நீலம் இரண்டு நூல் அளவு வந்திருந்தது. நான் முன்கூட்டியே வெள்ளைப் பொடி டப்பாவை ஒளித்து வைத்திருந்தேன்.

"பொடி தீந்து போச்சு அங்கம்மா."

"அதுக்கென்ன, புளியும் சாம்பலும் இருக்கு." ஒரு சிரட்டையில் கொண்டுவந்து வைத்தாள்.

"கறுப்பாவே இருந்துட்டுப் போகட்டுமே இந்தத் தடவ."

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். பிறகு என் அருகில் உட்கார்ந்தாள். அவளாக வந்து என் அருகில் உட்காருவது அபூர்வம்.

"அன்னிக்கு நீங்க தொலக்கிக் குடுத்தீங்களே, அந்த மாதிரி இருக்கணுங்க. தொரை வேணான்னுட்டாரு, சரி. ஆனா நான் எங்க ஆத்தாகிட்ட போயிரணும்னு எனக்காக ஒக்காந்து மெனக்கெட்டவங்க இந்தத் தோட்டத்துல நீங்க ஒருத்தருதான். அத நெனச்சுத்தான் ஒங்களக் கட்டிக்கிட சம்மதிச்சேன்."

இதை அவள் இதுவரை சொன்னதில்லை.

அந்த இரண்டு சொற்கள் என் நாக்கு நுனிவரை வந்து நின்றன. அவள் முகம் பக்கத்தில் இருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடிதம் வாசிக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. வாசலில் மகள் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு ஓடினாள். "வள்ளியம்மை, வழுக்கப் போகுது!" என்று அங்கம்மா குரல் கொடுத்தாள்.

ராஜாவுக்கு இப்போது மூக்கு இல்லை, கண் இல்லை. என் தேய்ப்பில் எல்லாம் போய்விட்டன. யானையும் வெறும் மேடாகத்தான் தெரிகிறது.

புளியை எடுத்தேன். சாம்பலைத் தொட்டேன். யானைப் பக்கத்தைத் தேய்த்தேன். நீலம் போயிற்று.

பிறகு காசைத் திருப்பிப் போட்டேன்.